மூங்கில் கையா, பிவிசி பைப்பா? வீட்டில் கட்டும் குவாட்காப்டருக்கு பிரேம் தேர்வது எப்படி

கேள்வி இதுதான். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் இரண்டு பாலிடெக்னிக் மாணவர்கள், 20 மி.மீ. பிவிசி ஒயரிங் பைப்பில் மோட்டாரைத் தாங்கும் நான்கு கை வைத்து, மூலைக்கு மூலை 450 மி.மீ. அளவில் ஒரு குவாட்காப்டர், அதாவது நான்கு மோட்டார் ட்ரோன், கட்டியிருக்கிறார்கள். 2212 மோட்டார் (920 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று), 10 அங்குல புரொப்பெல்லர், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி. காலை ஏழு மணிக்கு ஒழுங்காக நிற்கிறது. மதியம் அதே மைதானத்தில் ஏற்றினால் உதறுகிறது. பிஐடி எண்களை (சாய்வை எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் அமைப்பு எண்கள்) கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று, அடங்கவில்லை. கார்பன் ஃபைபர் பிரேம் வாங்காமல், ஊரில் கிடைக்கும் மூங்கிலிலோ ஜன்னல் அலுமினியக் குழாயிலோ இதைச் சரியாகக் கட்ட முடியுமா?

முடியும். ஆனால் முதலில் பிஐடியை விட்டுவிடுங்கள். கோளாறு பைப்பில் இருக்கிறது. பிவிசி 75, 80 டிகிரிக்கு மேல் கொழகொழவென்று ஆகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே, வெயிலில் கிடந்த பைப் 50 டிகிரியைத் தாண்டும்போதே, அதன் விறைப்பு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. கையால் வளைத்துப் பார்த்தால் தெரியாது, மோட்டாருக்குத் தெரியும். மதியக் காற்றும் காரணமாக இருக்கலாமே என்று சந்தேகம் வரும். பிரித்தறிய வழி இருக்கிறது: குவாடை, பேட்டரி இல்லாமல், அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். உடனே காற்றில்லாத பெரிய கூடத்துக்குள் கொண்டுபோய், ஆட்களைத் தள்ளி நிற்க வைத்து, இடுப்பு உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கேயும் உதறினால் குற்றவாளி பைப்தான்.

பிரேம் பொருளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் "விழுந்தால் உடையுமா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டாவது இடம்தான். முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு விறைப்பு, எந்த வேகத்தில் அதிரும்?" என்பது. ஃபிளைட் கன்ட்ரோலரில் (குவாடைச் சமநிலையில் பிடிக்கும் சிறு கணினிப் பலகை) உள்ள கைரோ என்ற சுழற்சி உணரி, கை அதிர்வதையும் குவாட் சாய்வதையும் பிரித்துப் பார்க்காது. கை அதிர்ந்தால் குவாட் சாய்கிறது என்று நினைத்து மோட்டாரைத் திருத்தும். அந்தத் திருத்தமே அடுத்த அதிர்வைக் கிளப்பும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மையத் தட்டின் விளிம்பிலிருந்து மோட்டார் வரை 150 மி.மீ. நீளம். மோட்டார் முழு இழுவையில் சுமார் 800 கிராம், அதாவது 8 நியூட்டன் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. பிவிசி பைப் (சுவர் 1.5 மி.மீ.) முனையில் 0.8 மி.மீ. வளையும். 12 மி.மீ. சதுர அலுமினியக் குழாய் (சுவர் 1 மி.மீ.) 0.15 மி.மீ. வளையும். காய்ந்த மூங்கில் பிளாச்சு (பிளந்தெடுத்த பட்டை), 15 மி.மீ. அகலம் 12 மி.மீ. உயரமாகப் படுக்க வைத்தால், 0.35 மி.மீ. வளையும். மூன்றின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மீட்டருக்கு 120 கிராமை ஒட்டி வரும். அதே எடையில் பிவிசி, அலுமினியத்தைவிட ஐந்து மடங்கு துவள்கிறது. இது நிழலில் இருக்கும் பைப்புக்கான கணக்கு.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. கையின் முனையில் மோட்டார், புரொப், அடித்தட்டு எல்லாம் சேர்ந்து 80 கிராம் உட்கார்ந்திருக்கிறது. தட்டிவிட்டால் அந்தக் கை தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். பிவிசி விநாடிக்கு சுமார் 55 முறை, படுக்க வைத்த மூங்கில் 85 முறை, அலுமினியம் 130 முறை. ஒரு கிலோ எடையுள்ள குவாட் 10 அங்குல புரொப்பில் அந்தரத்தில் நிற்கும்போது மோட்டார் சுற்றுவது நிமிடத்துக்கு 4300 சுற்றை ஒட்டி, அதாவது விநாடிக்கு 70 சுற்றுக்குச் சற்று மேல். புரொப்பில் இம்மியளவு சமநிலைக் குறை இருந்தாலும் அது விநாடிக்கு 70 தரம் கையைத் தட்டுகிறது. 55-ம் 85-ம் அந்த எழுபதுக்கு இரு பக்கமும் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளுவது போலத்தான். காலையில் தப்பித்த பைப், மதியம் இளகி இன்னும் கீழே இறங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டார் வேகம் அந்த எண்ணைக் கடந்து போகிறது, உதறல் வருகிறது. ஆக, கையின் அதிர்வு எண் 100-க்கு மேல் போக வேண்டும். பொருளை இதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

அலுமினியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எளிது. ஜன்னல் வேலை செய்யும் கடைகளில் துண்டுக் குழாய் கிடைக்கும். மூடிய சதுரக் குழாயை மட்டும் வாங்குங்கள். எல் வடிவப் பட்டையும் யு வடிவச் சேனலும் பார்க்க விறைப்பாகத் தெரியும், ஆனால் முறுக்கினால் துணி மாதிரி திரும்பும், மோட்டார் சாய்ந்துவிடும். போல்ட் போடும் இடத்தில் குழாய்க்குள் மரக்கட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் நட்டை முறுக்க முறுக்கச் சுவர் நசுங்கும். அலுமினியத்தின் குறை மூன்று. விழுந்தால் உடையாது, வளையும். தட்டி நிமிர்த்திய கை திரும்ப நேராகாது. அதிர்வை அது விழுங்குவதும் இல்லை, மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் கடத்தும் என்பதால் ஒயர் தோல் உரிந்தால் ஆபத்தும் உண்டு.

மூங்கில் அதிர்வை விழுங்கும். அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு என் தேர்வு மூங்கில்தான். ஆனால் சரியான மூங்கிலைச் சரியான வகையில் நிறுத்த வேண்டும்.

எந்த மூங்கில்? கல் மூங்கில். உள்ளே துளை மிகச் சிறியதாக, சுவர் தடிமனாக இருக்கும். காட்டில் வெட்ட வேண்டாம், அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். ஏணி, கூடை, தட்டி விற்கும் கடையில் வாங்கலாம். அதைவிட நல்ல இடம் மாந்தோப்பு. மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கோல் இரண்டு மூன்று கோடை பார்த்து, நிழலில் சாத்தி வைத்திருந்தால், அதைவிடப் பதமாகக் காய்ந்த மூங்கில் கடையில் கிடைப்பது அரிது. நுனி முறிந்த கோலைக் கேட்டால் தந்துவிடுவார்கள். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் பழைய மூங்கில் சந்திரிகை (புழு கூடு கட்டும் தட்டு) பரணில் கிடக்கும். அதன் பிளாச்சு கைக்குப் போதாது, ஆனால் இறங்கு கால் செய்ய அருமையானது. சந்திரிகை முடைந்து பழகியவர் பக்கத்தில் இருந்தால், மூங்கிலைப் பிளக்க அவரையே கேளுங்கள். கணுவில் கத்தி எப்படித் திரும்பும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

பச்சை மூங்கிலை மட்டும் தொடாதீர்கள். காயக் காயச் சுருங்கும், இன்று முறுக்கிய போல்ட் அடுத்த மாதம் கடகடக்கும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, துண்டு ஒன்றை வெட்டி நகை எடை போடும் சிறு தராசில் தினம் ஒரே நேரத்தில் நிறுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் போதும். வெட்டிய முகத்தில் குண்டூசித் துளைகளும் மஞ்சள் மாவும் தெரிந்தால் உளுத்துப்போனது. அந்தக் கோலை முழுதாகவே ஒதுக்குங்கள்.

இனிக் கை செய்யும் முறை. மூங்கிலில் பலம் முழுக்கத் தோல் பக்கம்தான், நார் அங்கேதான் நெருக்கம். உள்பக்கம் சவசவ. அதனால் ஒரே பிளாச்சை வைக்காமல் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டுகிறோம். ஒவ்வொரு பிளாச்சும் 12 மி.மீ. அகலம், 9 மி.மீ. தடிமன், 250 மி.மீ. நீளம். உள்பக்கத்தைச் சமமாக இழைத்து, இரண்டின் உள்முகமும் ஒட்டும்படி, தோல் மேலும் கீழும் வரும்படி சேர்க்க வேண்டும். சேர்ந்தபின் 12 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம். வளையும்போது அதிக இழுப்பும் அழுத்தமும் வருவது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும். அங்கேதான் இப்போது தோல் இருக்கிறது. ஒரு பிளாச்சு ஒரு பக்கம் கோணினால் மற்றது எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்தும். இந்தக் கை அதே 8 நியூட்டனுக்கு 0.13 மி.மீ.தான் வளையும், அதிர்வு எண் கணக்குப்படி 140. எடை மீட்டருக்கு 150 கிராம், நான்கு கைக்கும் சேர்த்து அவ்வளவுதான். உயரத்தைப் பாதி கூட்டினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் போகும். அதனால்தான் கையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறோம்.

கணு எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டுங்கள். கணுவில் நார் வளைந்து போகும், அங்கே வளைவைத் தாங்கும் பலம் குறைவு. ஆனால் பிளவு ஓடாமல் தடுப்பதும் கணுதான். எனவே கணு மையத் தட்டுக்குள் மாட்டும் பகுதியில் வரட்டும், வெளியே நீளும் பகுதியில் வேண்டாம். இரண்டு பிளாச்சின் கணுவும் ஒரே இடத்தில் மேலும் கீழுமாக அமையக் கூடாது.

பசைக்கு மெதுவாக இறுகும் அரால்டைட் எடுங்கள், ஐந்து நிமிட ரகம் வேண்டாம். ஒட்டும் முகத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டுத் தடவுங்கள். சமதளம் வேண்டுமே என்றால், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை: பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு ஒன்றைப் பட்டறையில் கேட்டு வாங்குங்கள். அதைவிடத் தட்டையான பரப்பு வீட்டில் கிடையாது. மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆறு கையையும் (நான்கு மாட்ட, இரண்டு கைவசம் வைக்க) வரிசையாக வைத்து, இன்னொரு கல்லை மேலே ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். இந்த வகைப் பசை வெயில் சூட்டில் கொஞ்சம் இளகும், அதனால் பசையை மட்டும் நம்பாமல் நூல் கட்டும் போட வேண்டும். செருப்பு தைக்கும் நைலான் நூலை, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் இரு பக்கமும் 10 மி.மீ. அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, மேலே ஃபெவிக்விக் ஊற விடுங்கள். பருத்தி நூலில் ஃபெவிக்விக் ஊற்றினால் சூடாகிப் புகையும், விரலைச் சுடும். நைலான்தான் சரி. பசை, நூல் எது பட்டாலும் அந்த இடத்தில் தோலின் வழவழப்பைச் சுரண்டிவிட வேண்டும். மூங்கில் தோலில் பசை பிடிக்காது.

துளை போடும் வரிசையும் இதுதான்: முதலில் நூல் கட்டு, அது காய்ந்தபின் துளை. அடியில் மரக்கட்டை வைத்து, 1.5 மி.மீ. பிட்டில் தொடங்கி, பிறகு 3 மி.மீ. நேரடியாக 3 மி.மீ. பிட்டை வேகமாக இறக்கினால், கை நீளவாக்கில் வாய் பிளக்கும். முனையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் துளை போடவே கூடாது. முடிந்ததும் வார்னிஷ் இரண்டு கோட். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூங்கில் தண்ணீர் குடித்து உப்பாமல் இருக்க இது அவசியம். துளைகளின் உள்சுவரிலும் வார்னிஷ் போக வேண்டும்.

மையத் தட்டுக்கு எலக்ட்ரிகல் கடையில் சுவிட்ச் போர்டுக்கு விற்கும் ஹைலம் ஷீட் போதும், 3 மி.மீ. தடிமன். 120 மி.மீ. சதுரமாக இரண்டு. ஒன்று 60 கிராம் வரும். பக்கங்களில் அரைவட்டமாக வெட்டி எடுத்தால் 50-க்குக் கொண்டுவரலாம். ஹேக்சா பிளேடால் அறுக்கலாம், தூள் மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை செய்யும் இடத்தில் மிஞ்சும் ஏசிபி ஷீட்டும் நன்றாக உழைக்கும், ஆனால் அதன் இரு முகமும் அலுமினியம். ஃபிளைட் கன்ட்ரோலரின் அடிப்பக்கம் அதில் பட்டால் கதை முடிந்தது. பிளைவுட் என்றால் 4 மி.மீ. தடிமன் எடுங்கள். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திய பலகை) வேண்டவே வேண்டாம், போல்ட் துளையிலேயே மாவாக உதிரும்.

நான்கு கையும் தனித்தனியாக, தட்டின் மூலைவிட்டத்தில், இரண்டு தட்டுக்கும் நடுவே சாண்ட்விச் மாதிரி மாட்ட வேண்டும். இரண்டு நீளக் கைகளை நடுவில் பாதிப் பாதி வெட்டிக் குறுக்காகக் கோப்பது தச்சு வேலைக்கு அழகுதான். ஆனால் பாதி வெட்டும்போது நாம் பாடுபட்டுக் கொண்டுவந்த தோலில் ஒன்று போய்விடுகிறது. தனிக் கை என்றால் ஒன்று முறிந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். கை ஒன்றுக்கு 30 மி.மீ. நீள எம்3 போல்ட் இரண்டு, 35 மி.மீ. இடைவெளியில், அகல வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு) போட்டு. கைகளின் உயரம் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 17.5, மற்றது 18.2 என்றிருந்தால் தட்டு குட்டையான கையைப் பிடிக்காது. வீட்டில் கட்டிய குவாட்கள் அதிர்வதற்குப் பாதி காரணம் இந்த மையக் கட்டுதான். மேலே சொன்ன 140 என்ற எண்ணெல்லாம் கட்டு இரும்பாக இருந்தால்தான். இளகினால் மூங்கிலும் பிவிசி ஆகிவிடும்.

மோட்டார் பொருத்தும் இடம். 2212 மோட்டாரோடு சிலுவை வடிவில் ஓர் அலுமினிய அடித்தட்டு வரும். அதை மோட்டாரில் திருகி, கீழே 45 மி.மீ. சதுர ஹைலம் துண்டு வைத்து, சிலுவையின் இரண்டு வெளித்துளைகள் கையின் நீளவாக்கில் வரும்படி நிறுத்துங்கள். அந்த இரண்டு வழியாக 30 மி.மீ. போல்ட் கையையும் துளைத்துக் கீழே இறங்கட்டும், பக்கவாட்டு இரண்டுக்கும் குட்டை போல்ட் ஹைலத்தோடு போதும். மோட்டார் மையத்தைத் தாண்டிக் கை 35 மி.மீ. வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் வெளி போல்ட் முனையைப் பிளந்துவிடும். மோட்டார் தண்டின் அடிமுனை கிளிப்போடு கீழே துருத்தும். ஹைலத்தில் 8 மி.மீ. துளையும், கையின் மேல்முகத்தில் 3 மி.மீ. ஆழக் குழியும் போட்டுவிடுங்கள். மறந்தால் தண்டு உரசி மோட்டார் சூடேறும்.

மோட்டாருக்குள் போகும் திருகின் நீளம்தான் புதிதாகக் கட்டுபவர்களை அதிகம் கெடுக்கிறது. திருகு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் உள்ளே செம்புச் சுருளைத் தொடும். தொட்ட உடனே தெரியாது, முழு வேகம் கொடுக்கும்போது புகை வரும், கூடவே இஎஸ்சியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) போகும். திருகியபின் மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளைத் திருகிலும் மற்றதை மோட்டார் ஒயரிலும் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் குட்டைத் திருகு மாற்றுங்கள்.

எடையைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு பொருள் நம் மேட்டு நிலத்திலேயே நிற்கிறது: ரயில் கற்றாழையின் காய்ந்த பூந்தண்டு. உள்சதை பால்சா மரம் போல இலகுவானது. 3 மி.மீ. மூங்கில் தோல் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 12 மி.மீ. கற்றாழைத் தண்டு என்று ஒட்டினால், அதே 18 மி.மீ. உயரம் கிடைக்கும். கெட்டி மூங்கில் கையின் விறைப்பில் சுமார் 70 விழுக்காடு; எடை கிட்டத்தட்ட பாதி. போல்ட் வரும் இடங்களில் மட்டும் கற்றாழையை எடுத்துவிட்டு மூங்கில் கட்டையை வைத்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் நட்டு உள்ளே அமுங்கும். முதல் குவாடுக்கு இது வேண்டாம். கெட்டிக் கையில் பறக்கப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

எடைக் கணக்கு: மோட்டார் நான்கு 220 கிராம், இஎஸ்சி 100, புரொப் 50, பேட்டரி 180, கன்ட்ரோலர், ரிசீவர், ஜிபிஎஸ், ஒயர் எல்லாம் 100. மேலே சொன்ன பிரேம் போல்ட்டோடு 325-க்குள். மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான்கு மோட்டாரும் மூன்று கிலோவுக்கு அருகில் தூக்கும் என்பதால் தாராளம்; இரண்டு மடங்குக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைவு, இழுவையும் அதே அளவு குறையும். பறக்கும் நேரம் 8 முதல் 10 நிமிடம். செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள்.

கை நீளம் என்பதால் ஒயரை நீட்ட வேண்டி வரும். பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவே உள்ள ஒயரை நீட்டாமல், இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள மூன்று ஒயரை நீட்டுங்கள். பேட்டரிப் பக்கம் நீண்டால் மின்னழுத்தம் துள்ளி இஎஸ்சியின் கப்பாசிட்டரைத் தின்றுவிடும். ஃபிளைட் கன்ட்ரோலரை நான்கு மூலையில் ஒரு சென்டிமீட்டர் சதுர நுரை டேப் வைத்து ஒட்டுங்கள். பெரிய ஸ்பாஞ்சில் மிதக்கவிட்டால் அதுவே தனியாக ஆடத் தொடங்கும். காந்தத் திசைகாட்டி உள்ள ஜிபிஎஸ்ஸை 10 சென்டிமீட்டர் உயரக் குச்சியில், பேட்டரி ஒயரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். அந்தக் குச்சிக்கு இரும்புத் திருகு ஆகாது.

பறக்கவிடும் முன் புரொப் இல்லாமல் இரண்டு சோதனை. மோட்டார் திசையும் வரிசையும்: ஆர்டுபைலட்டில் (கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருள்) முதல் மோட்டார் முன் வலது, இரண்டாவது பின் இடது, இவை இரண்டும் இடஞ்சுழி, மூன்றாவது முன் இடது, நான்காவது பின் வலது, இவை வலஞ்சுழி. பீட்டாஃபிளைட் என்ற இன்னொரு மென்பொருளில் வரிசை வேறு, ஒன்றைப் பார்த்து மற்றதில் ஒயர் போடாதீர்கள். அடுத்தது, டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார்கள் நீங்கள் அமைத்த ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) படி நடந்துகொள்கின்றனவா என்பது.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பை மாட்டி, குவாடை அதே கிரானைட் துண்டின் மேல் வையுங்கள். புரொப்பைக் கைக்குச் செங்குத்தாகத் திருப்பி, இடது நுனியும் வலது நுனியும் கல்லிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று ஸ்கேலால் அளங்கள். 10 அங்குல புரொப்பில் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் மோட்டார் ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் அடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாத குவாட் ஒரே பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க எதிரெதிர் மூலை மோட்டார்கள் இரண்டு எப்போதும் கூடுதலாக உழைக்கும். ஒரு நிமிடம் பறந்து இறங்கியதும், பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு மோட்டாரையும் தொட்டால், மூலைக்கு மூலை இரண்டு மட்டும் சூடாக இருக்கும். பிஐடியைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சூட்டைப் பாருங்கள்.

கையைச் சுண்டிப் பார்ப்பதும் பலன் தரும். மையத்தை மேசையோடு இறுக்கிப் பிடித்து, நான்கு கையின் முனையையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். நான்கும் ஒரே குரலில் "டக்" என்று அடங்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக "தொப்" என்றால் அதன் போல்ட் தளர்வு, அல்லது நடுப்பசை விட்டிருக்கிறது.

முதல் பறப்பு புல்தரையில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், அரை நிமிடம். தரையை ஒட்டி நிறுத்தினால் புரொப் காற்றே திருப்பி அடித்து ஆட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இறங்கியதும் ஆர்டுபைலட் லாகில் (பறப்புப் பதிவு) அதிர்வின் அளவைக் காட்டும் வைப் (VIBE) என்ற வரியைத் திறங்கள். 30-க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் மேலே பறக்க வேண்டாம், கட்டைப் பிரித்துப் பாருங்கள். கிளிப் எண்ணிக்கை (அதிர்வு உணரியின் எல்லையை மீறிய தடவைகள்) பூஜ்யமாக இருக்க வேண்டும். அதிர்வு 30-க்கும் 60-க்கும் நடுவில் என்றால் பெரும்பாலும் புரொப் சமநிலைதான்: எடை கூடிய இறக்கையைக் கண்டுபிடித்து, எதிர் இறக்கையின் முதுகில் சிறு செலோடேப் துண்டு ஒட்டுங்கள். இவை எல்லாம் முடிந்த பிறகு பிஐடிக்கு வரலாம்.

எங்கே பறக்கவிடுவது? 2021 ட்ரோன் விதிகளின்படி இந்த எடை மைக்ரோ வகையில் வருகிறது, அதாவது 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை. வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட இந்த வகைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு விதியைத் தெரிந்துகொண்டு, உங்கள் இடம் எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் உயரம் 120 மீட்டர் வரைதான், கண் பார்வைக்குள்தான். ஓசூர்க்காரர்கள் பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தை மனதில் வைக்க வேண்டும். ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. காட்டுக்கு மேல் வேண்டாம். ஜவளகிரி பக்கம் தோட்டத்தில் யானை நின்றால் படம் எடுக்க ஆசை வரும். அந்தச் சத்தத்துக்கு யானை மிரண்டு ஓடினால் எதிரே நிற்பது மனிதர்கள்தான், தயவுசெய்து வேண்டாம். அறுவடை முடிந்த ராகிக் கொல்லை, ஆள் இல்லாத காலை நேரம், இதுதான் நல்ல இடம்.

மூங்கில் பிரேமைப் பத்துப் பறப்புக்கு ஒரு முறை முழுக்கப் பார்க்க வேண்டும். நைலாக் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் மாதத்தில் கட்டாயம் கால் சுற்றாவது வாங்கும். ஒட்டுக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள், நகம் இடறினால் அங்கே பிளவு தொடங்கியிருக்கிறது. பறக்காத நாட்களில் குவாடை வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். காலையில் கைக்கு நேர் கீழே தாளில் மஞ்சள் மாவு ஒரு சிட்டிகை கிடந்தால், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்தக் கையைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு, கைவசம் இருக்கும் ஐந்தாவது கையை மாட்டுங்கள். செய்யும்போதே ஆறு கையாகச் செய்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.